ட்ரைப் கால்டு குவெஸ்ட்டை அடியிலிருந்து கேட்பது எப்படி

முதல் வேலையாக செல்போன் ஸ்பீக்கரை ஓரமாக வையுங்கள். பட்டவன் சொல்கிறேன். கச்சேரி முடிந்து ஆர்கெஸ்ட்ரா வேனில் திருச்சிக்குத் திரும்பும்போது, அக்கா மகன் தன் போனில் 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' என்ற நியூயார்க் ராப் குழுவின் பாட்டு ஒன்றைப் போட்டான். "என்னடா இது, ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான், பின்னாடி யாரோ தீப்பெட்டியைத் தட்டுறான்" என்றேன். "மாமா, நீங்க பேஸ் வாசிக்கிற ஆளு, உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, பிராக்டிஸ் பண்ணும் ஆம்பிளிஃபயரில் அதே பாட்டைச் செருகிக் கேட்டபோதுதான் தெரிந்தது, பாட்டில் முக்கால் பங்கு அந்தப் போனில் வரவே இல்லை என்று. பேஸ் கிடாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்காது. காதை முழுசாக மூடும் ஹெட்போன் போதும். பெரிய ஸ்பீக்கர் இருந்தால் ராஜயோகம்.

அடுத்தது, எந்த ஆல்பத்தில் தொடங்குவது. இவர்கள் முதல் ஆல்பம் 1990-இல் வந்தது. அதை இப்போதைக்கு விடுங்கள். 1991 செப்டம்பரில் வந்த 'தி லோ எண்ட் தியரி'யை எடுங்கள். 'லோ எண்ட்' என்றாலே நம் பக்கம், பேஸ் பக்கம். முதல் பாட்டு 'எக்ஸ்கர்ஷன்ஸ்'. தனியாக ஒரு பேஸ் நடக்கும், அவ்வளவுதான். அதன் மேல் குழுவின் ராப்பர் கியூ-டிப் பேசத் தொடங்குவார்: இந்த ஹிப்-ஹாப்பைக் கேட்டால் எனக்கு பீபாப் என்ற பழைய பாணி ஜாஸ் ஞாபகம் வருகிறது என்று அப்பா சொன்னதாக. ட்ரம் உடனே வராது. அது எங்கே வந்து விழுகிறது என்பதற்காகவே மூன்று முறை திருப்பிக் கேளுங்கள்.

அந்த பேஸ் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. ஆர்ட் பிளேக்கி என்ற ஜாஸ் ட்ரம்மரின் 'எ சான்ட் ஃபார் பூ' என்ற பதிவிலிருந்து வெட்டி எடுத்தது. இப்படி வெட்டி எடுத்த துண்டைத்தான் சேம்பிள் என்பார்கள். அசல் மூன்று மூன்றாகப் போகும், நாம் திஸ்ரம் என்போமே, அது. கியூ-டிப் அதிலேயே ஒரு துண்டைக் கூடுதலாக ஒட்டி நாலு எண்ணிக்கைக்குக் கொண்டுவந்துவிட்டார். தைத்த இடம் தெரிகிறதா என்று தொடை தட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. இந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான்.

இப்போது குரல்களைப் பிரித்தறியப் பழகுங்கள். கியூ-டிப் குரல் மூக்கோடு வரும், வழுக்கிக்கொண்டு போகும். இன்னொரு ராப்பர் ஃபைஃப் டாக் குரல் உச்சஸ்தாயி, கரகரப்பு, சண்டைக்கோழி. ஆள் ஐந்தடி மூன்று அங்குலம்; அதைத் தன் பெருமையாகவே பாட்டில் சொல்லிக்கொள்வார். ஜொனதன் டேவிஸ், மாலிக் டெய்லர் என்ற இயற்பெயர் கொண்ட இந்த இருவரும் நியூயார்க் குவீன்ஸின் செயின்ட் ஆல்பன்ஸ் பகுதியில் சின்னப் பையன்களாக இருந்தபோதே கூட்டாளிகள். கியூ-டிப்போடு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துகொண்டவர் அலி ஷஹீத் முகமது, டிஜே. நான்காவது ஆள் ஜரோபி வைட். முதல் ஆல்பத்தோடு சமையல் கற்கப் போய்விட்டார். (ஆர்கெஸ்ட்ராவை விட்டு ஓட்டல் வைக்கப் போன இரண்டு பேர் எனக்கும் தெரியும். அவர்கள்தான் இன்று நன்றாக இருக்கிறார்கள்.)

குரல் பழக இரண்டாவது பாட்டு 'பக்கிங் அவுட்' போதும். ஃபைஃப்தான் தொடங்குகிறார். முதல் ஆல்பத்தில் சில பாட்டில் மட்டும் எட்டிப் பார்த்தவர், இதில் கதவை உதைத்துக்கொண்டு வருகிறார். 1990-இல் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. அதை மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 'பட்டர்' ஃபைஃப் மட்டும். 'வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்' கியூ-டிப் மட்டும். அதில் டபுள் பேஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கும் ஆளுயர பேஸ்) வாசிப்பது சாட்சாத் ரான் கார்ட்டர். 1960-களில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தவர். கெட்ட வார்த்தை கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தாராம். சேம்பிள் பேஸும் ஆள் உட்கார்ந்து வாசித்த பேஸும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்க இந்த ஆல்பத்தில் இதுதான் இடம்: கம்பியின் மேல் விரல் உரசுவதே கேட்கும்.

'செக் த ரைம்' வந்தால் எழுந்து நின்றுவிடுவேன். கேள்வி ஒருவர், பதில் ஒருவர். இருவரும் லிண்டன் பூலவாரில் நின்று அரட்டை அடித்த காலத்தை நினைத்துப் பாடுகிறார்கள். வீடியோவையும் அந்தத் தெருவில், டிரை கிளீனிங் கடை ஒன்றின் மேலே நின்றுதான் எடுத்தார்கள். கடைசிப் பாட்டு 'சினாரியோ'வில் விருந்தாளி ராப்பர் பஸ்டா ரைம்ஸ் வந்து கூரையைப் பிய்க்கிறார். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது அண்டை வீட்டாருக்கு நல்லது.

இந்த ஆல்பத்தை ஒரு வாரம் வைத்திருங்கள். பிறகு முதல் ஆல்பத்துக்கு வந்தால் 'கேன் ஐ கிக் இட்?' கேளுங்கள். ராக் பாடகர் லூ ரீட் பாடிய 'வாக் ஆன் தி வைல்டு சைடு' பேஸ்தான் அடியில் ஓடுகிறது. அசலில் அதை வாசித்தவர் ஹெர்பி ஃப்ளவர்ஸ் என்ற லண்டன் ஸ்டூடியோக்காரர். ஒரே பாட்டில் இரண்டு வாத்தியம் வாசித்தால் இரட்டைச் சம்பளம் என்பதால் டபுள் பேஸ் மேல் பேஸ் கிடாரையும் சேர்த்து வாசித்ததாக அவரே சொன்னார். தொழில் தெரிந்த மனுஷன்! அந்த வழுக்கல் சத்தம் பிறந்தது அப்படித்தான். ட்ரைப்புக்கு என்ன கிடைத்தது? சேம்பிளுக்கு முறையாக அனுமதி வாங்காததால் அந்தப் பாட்டின் வருமானம் லூ ரீட் பக்கமே போய்விட்டது என்று ஃபைஃப் பின்னாளில் சொன்னார். லூ ரீட் மேல் கோபம் இல்லை, ரெக்கார்டு கம்பெனி செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்பதுதான் ஃபைஃபின் வருத்தம்.

மூன்றாவது ஆல்பம், 'மிட்நைட் மராடர்ஸ்', 1993 நவம்பர் 9. வூ-டாங் கிளான் என்ற இன்னொரு நியூயார்க் ராப் குழுவின் முதல் ஆல்பமும் அதே நாள்தான் கடைக்கு வந்தது. இதில் 'எலெக்ட்ரிக் ரிலாக்சேஷன்' ஒன்றுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் ஒதுக்கச் சொல்வேன். ரானி ஃபாஸ்டர் என்ற ஆர்கன் கலைஞரின் 'மிஸ்டிக் புரூ'விலிருந்து எடுத்த லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டு. பார்களை (ஒரு பார் என்றால் நாலு தட்டு) விரலை மடக்கி எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று. மூன்று பாருக்கு ஒரு சுற்று. ராப் வரிகளைப் பொதுவாக நாலு நாலு பாராகத்தான் கட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு நாலும் லூப்பின் வேறு வேறு இடத்தில் தொடங்கும், பன்னிரண்டு பார் போன பிறகே இரண்டும் ஒரே புள்ளியில் கைகுலுக்கும். பாட்டு தீராமல் சுற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி தோன்றுவதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், தன் மூவர் குழுவோடு 2009-இல் இந்த 'மிஸ்டிக் புரூ'வைப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், கணக்கு இன்னும் தெளிவாகும்.

நான்காவதும் ஐந்தாவதும் வேகமாகக் கடக்கலாம். 1996-இல் வந்த 'பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப்' பில்போர்டு என்ற அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் ஃபைஃப் அதற்குள் அட்லாண்டாவுக்குக் குடிபோய்விட்டார். இரண்டு குரலும் ஒரே அறையில் இல்லாதது என் காதுக்குத் தெரிகிறது. டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஜே டில்லா என்ற தயாரிப்பாளரின் ட்ரம் மட்டும் அருமை. 1998-இல் 'தி லவ் மூவ்மென்ட்' வெளிவருவதற்குச் சற்று முன்பே பிரிகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அதில் 'ஃபைண்ட் எ வே' ஒன்றைக் கேட்டால் எனக்குச் சம்மதம்.

பிறகு பதினெட்டு வருடம் புது ஆல்பமே இல்லை. நடுவில் சேர்ந்தும் சண்டை போட்டும் மேடை ஏறினார்கள். 2008-இல் ஃபைஃபுக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அவர் மனைவி. 2015 நவம்பரில் ஒரு டிவி நிகழ்ச்சிக்காகச் சேர்ந்து பாடியபோது பழைய சூடு திரும்பியது, நியூ ஜெர்சியில் கியூ-டிப் வீட்டு ஸ்டூடியோவில் ரகசியமாகப் பதிவு தொடங்கினார்கள். குரலைப் பதிந்து ஃபைலாக அனுப்பும் வேலையெல்லாம் கிடையாது, நேரில் வந்தால்தான் மைக் என்பது கியூ-டிப் வைத்த சட்டம். ஃபைஃப் கலிஃபோர்னியாவிலிருந்து அந்த உடம்போடு விமானம் ஏறி வந்தார். வேலை முடியுமுன், 2016 மார்ச் 22 அன்று, 45 வயதில், அந்தச் சர்க்கரை நோயே அவரைக் கொண்டுபோனது.

ஆல்பம் அதே வருடம் நவம்பர் 11-இல் வந்தது. நீளமான பெயர்: 'வீ காட் இட் ஃப்ரம் ஹியர்... தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்'. பெயர் ஃபைஃப் வைத்தது. இதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும், அதுவும் 'செக் த ரைம்' மனப்பாடம் ஆன பிறகு. முதல் பாட்டு 'தி ஸ்பேஸ் புரோகிராம்' தொடங்கியதும் குரல்கள் ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று வரியைப் பிடுங்குவதைக் கவனியுங்கள். ஒரே அறையில் எதிரெதிரே நிற்பவர்களால் மட்டும் முடிகிற காரியம் அது.

கடைசிப் பாட்டின் பெயர் 'தி டொனால்ட்'. டொனால்ட் ட்ரம்ப் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்து மூன்றே நாளில் ஆல்பம் வந்ததால் அவரைத் திட்டும் பாட்டு என்று பலர் நினைத்துக்கொண்டார்கள், நானும்தான். ஆனால் இந்த டொனால்ட் ட்ரம்ப் இல்லை: 'டான் ஜூஸ்' என்பது ஃபைஃபின் செல்லப் பெயர்களில் ஒன்று. பாட்டு அவருக்கு.