மல்டிசிக் வாலட்: மூன்று சாவி இருந்தால் மட்டும் போதாது

கிரிப்டோ பணம் கைவிட்டுப் போக இரண்டு வழி உண்டு: யாராவது திருடுவது, உரியவரே சாவியைத் தொலைப்பது. ஒரே சாவியால் பணம் அனுப்பும் ஒற்றைக் கையொப்ப வாலட்டில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சாவியை மறுபடி உருவாக்கும் 12 அல்லது 24 சீட் வார்த்தைகள் எழுதிய ஒரு தாள், அவ்வளவுதான். அந்தத் தாளைப் படமெடுத்தவர் பணத்தை எடுத்துவிடுவார். தாள் நனைந்து அழிந்தால் யாராலும் எடுக்க முடியாது. நாலு இடத்தில் நகல் வைத்தால் தொலையும் பயம் குறையும், ஆனால் திருட நாலு வழி திறந்துவிடும். பணம் அனுப்ப ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகளின் கையொப்பம் கேட்கும் மல்டிசிக் இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. மூன்று சாவிகளில் ஏதேனும் இரண்டு கையொப்பமிட்டால் போதும் என்ற 2 ஆஃப் 3 அமைப்பில் ஒரு சாவி திருடு போனாலும் பணம் போகாது, ஒரு சாவி தொலைந்தாலும் பணம் முடங்காது.

அதற்காக எல்லோருக்கும் மல்டிசிக் தேவையில்லை. போனால் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகை என்றால் ஒரு ஹார்டுவேர் வாலட்டும் (சாவியை உள்ளேயே வைத்திருக்கும் தனிச் சாதனம்), சீட் வார்த்தைகள் பொறித்த ஸ்டீல் தகடும் போதும். கூடவே பாஸ்ஃபிரேஸ் (சீட்டோடு சேர்க்கும் கூடுதல் ரகசியச் சொல்) வைப்பவர்கள் கவனிக்க: தப்பாக அடித்தால் 'தவறு' என்று வாலட் சொல்லாது. ஓர் எழுத்து மாறினாலும் வேறொரு காலி வாலட்டைத் திறந்து காட்டும். சீட், பாஸ்ஃபிரேஸ் இரண்டில் எது தொலைந்தாலும் பணம் போனதுதான். திருட்டுக்கு ஒரு தடை கூடுகிறது, தொலைப்பதற்கும் ஒரு வாய்ப்பு கூடுகிறது.

பெரிய தொகைக்கு மல்டிசிக்தான் எங்கள் தேர்வு. ஆனால் மூன்று சாவியையும் ஒரே ஆணியில் மாட்டினால் அதனால் ஒரு பயனும் இல்லை. 2022 ஜூனில் பிளாக்செயின்களுக்கு இடையே பணம் மாற்றும் ஹார்மனி ஹொரைசன் பிரிட்ஜில் 5 சாவிகளில் 2 இருந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். அந்த அளவு சாவிகள் சிக்கியதும் சுமார் 10 கோடி டாலர் போனது. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சின் கோல்ட் (cold) வாலட்டிலிருந்து, அதாவது இணையத்தோடு நேரடியாக இணைக்காத வாலட்டிலிருந்து, சுமார் 4 லட்சம் ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) கொள்ளை போனதற்குச் சாவியைத் திருட வேண்டிய தேவையே வரவில்லை. கையொப்பமிட்டவர்கள் எல்லோரும் சேஃப் என்ற மல்டிசிக் தளத்தின் திரையை நம்பினார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த நிரல் மாற்றப்பட்டிருந்தது. திரையில் தெரிந்தது வழக்கமான பரிமாற்றம், கையொப்பமானது வேறொன்று.

எத்தீரியத்தில் மல்டிசிக் என்பது பிளாக்செயினில் இயங்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பதால் அந்த நிரலின் பிழையும் சேர்ந்தே வரும். 2017 நவம்பரில் பாரிட்டி வாலட்டுகளுக்குப் பொதுவாக இருந்த லைப்ரரி கான்ட்ராக்ட் அழிக்கப்பட்டு, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈத்தர் முடங்கிப்போனது. பிட்காயினில் இந்த வசதி ஸ்கிரிப்ட் மொழியிலேயே இருக்கிறது. கீழே சொல்வது பிட்காயினுக்கு.

சாதனங்கள் மூன்று வேண்டும், முடிந்தால் மூன்று வெவ்வேறு நிறுவனங்களுடையவை. 2023இல் லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற மென்பொருளின் சீட் உருவாக்கும் கட்டளை எளிதில் ஊகிக்கக்கூடிய 32 பிட் அளவுக்கே தற்செயல் எண் தந்தது தெரியவந்தது. அதில் பிறந்த வாலட்டுகள் காலியாகின. ஒரு நிறுவனத்தில் அப்படி ஒரு குறை வெளிப்பட்டாலும் மூன்றில் ஒரு சாவிதான் பலவீனமாகும். ஒவ்வொரு சாதனத்திலும் புது சீட் உருவாக்குங்கள். ஒரே சீட்டை மூன்றிலும் ஏற்றினால் அது ஒற்றைச் சாவிதான்.

பிறகு கணினியில் ஸ்பாரோ வாலட் மென்பொருளைத் திறந்து, செட்டிங்ஸில் மல்டி சிக்னேச்சர், 2/3, நேட்டிவ் செக்விட் (முகவரி வகை) ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு சாதனத்திலிருந்தும் எக்ஸ்பப்பை (முகவரிகளை உருவாக்கும், ஆனால் செலவு செய்ய முடியாத பொதுச் சாவி) மட்டும் ஏற்றுங்கள். சீட் வார்த்தைகளைக் கணினியில் எந்தக் காரணத்துக்காகவும் அடிக்கக் கூடாது. டெரிவேஷன் பாதை (சீட்டிலிருந்து எந்தச் சாவி எடுக்கப்படுகிறது என்பதன் குறியீடு) 48'/0'/0'/2' என்று வர வேண்டும். 84'/0'/0' என்று வந்தால் நீங்கள் எடுத்தது ஒற்றைக் கையொப்பத்துக்கான எக்ஸ்பப்.

அடுத்த படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். வாலட் அமைப்பைச் சாதனங்களில் பதிவு செய்யும் வசதி இருந்தால் செய்யுங்கள். அப்போது மற்ற இரண்டு சாதனங்களின் எக்ஸ்பப்பும் சரிதானா என்று சாதனத் திரையில் ஒப்பிடுங்கள். கணினியில் புகுந்த வைரஸ் எக்ஸ்பப்புகளைத் தன்னுடையதாக மாற்றினால், ஸ்பாரோ காட்டும் முகவரி திருடனுடையதாக இருக்கும். பணம் வாங்கும் முகவரியையும் குறைந்தது இரண்டு சாதனத் திரைகளில் பார்த்து உறுதி செய்யுங்கள். இந்த முகவரிக்கு 62 எழுத்து. ஒற்றைக் கையொப்ப செக்விட் முகவரிக்கு 42தான்.

மல்டிசிக்கில் பணம் தொலைவதற்கு முக்கியக் காரணம் பேக்கப்பில் இருக்கிறது. மூன்றில் இரண்டு சீட் கையில் இருந்தாலே பணத்தை மீட்கலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முகவரியில் இருப்பது ஸ்கிரிப்டின் (செலவு செய்யும் விதியின்) ஹேஷ், அதாவது சுருக்கக் குறியீடு மட்டும். செலவு செய்ய அந்த ஸ்கிரிப்டை முழுதாகக் காட்ட வேண்டும், அதற்கு மூன்று பப்ளிக் கீயும் தேவை. மூன்றாவது சாதனமும் அதன் சீட்டும் எக்ஸ்பப்பும் சேர்ந்து தொலைந்தால், இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மூன்று எக்ஸ்பப்பும் அடங்கிய, வாலட் அமைப்பின் முழு விவரமான டிஸ்கிரிப்டரை அச்சிட்டு, ஒவ்வொரு சீட்டோடும் ஒரு பிரதி வையுங்கள். டிஸ்கிரிப்டர் வெளியே கசிந்தால் இருப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும், பணத்தை எடுக்க முடியாது. மூன்று சீட்டும் மூன்று வெவ்வேறு கட்டடங்களில் இருக்கட்டும்.

பெரிய தொகையை அனுப்பும் முன் சின்னத் தொகை அனுப்பி, முதல்-இரண்டாம், இரண்டாம்-மூன்றாம், முதல்-மூன்றாம் சாவி என்று மூன்று ஜோடியிலும் கையொப்பமிட்டுச் செலவு செய்து பாருங்கள். பிறகு ஒரு சாதனத்தை ரீசெட் செய்து, எழுதி வைத்த சீட்டிலிருந்து மீட்டெடுங்கள். ஸ்பாரோவிலும் வாலட்டை நீக்கி, அச்சிட்ட டிஸ்கிரிப்டரிலிருந்து திறந்து பாருங்கள். பழைய முகவரிகளே வந்தால் பேக்கப் சரி. பரிமாற்றத்தின் அளவு (விர்ச்சுவல் பைட்டில்) கூடுவதால் கட்டணம் கொஞ்சம் கூடும்: ஒற்றைக் கையொப்ப செக்விட் இன்புட் சுமார் 68 விர்ச்சுவல் பைட், 2 ஆஃப் 3 இன்புட் சுமார் 104.

சாவி ஒன்று தொலைந்துவிட்டால் 'இன்னும் இரண்டு இருக்கிறதே' என்று விட்டுவைக்காதீர்கள். அந்த நிமிடமே அது 2 ஆஃப் 2 ஆகிவிட்டது. இன்னொன்றும் போனால் பணம் முடங்கும். புதுச் சாவி சேர்த்துப் புது வாலட் அமைத்து, சோதித்து, மொத்தப் பணத்தையும் அதற்கு மாற்றுங்கள். பழைய டிஸ்கிரிப்டரையும் மீதியுள்ள இரண்டு சீட்டையும் தூக்கிப் போட வேண்டாம். பழைய முகவரியைக் குறித்து வைத்திருக்கும் யாராவது அதற்கே பணம் அனுப்பக்கூடும்.