டிராக்டருக்கு ஆர்டிகே திருத்தம்: ரேடியோ இணைப்பை அமைப்பதும் பழுது பார்ப்பதும்

தனி செயற்கைக்கோள் ரிசீவரை மட்டும் நம்பி டிராக்டர் ஓட்டினால் கோடு சில மீட்டர் விலகலாம். ககன் (இந்தியாவின் செயற்கைக்கோள் வழித் திருத்தச் சேவை) திருத்தம் சேர்ந்தால் விலகல் குறையும். உரம் தூவ அது போதும், வரிசை நடவுக்கும் வரிசைக்கு இடையில் களை எடுக்கவும் போதாது. அந்த வேலைகளுக்கு 2 செ.மீ. துல்லியம் வேண்டும், அதைத் தருவது ஆர்டிகே (RTK, உடனுக்குடன் இடத்தைத் திருத்தும் முறை). வயலோரத்தில் அசையாமல் நிற்கும் ரிசீவரான பேஸ், தான் காணும் செயற்கைக்கோள் அளவீடுகளை விநாடிக்கு ஒரு முறை ரேடியோவில் அனுப்பும். டிராக்டரில் இருக்கும் ரிசீவரான ரோவர் அவற்றைத் தன் அளவீடுகளோடு ஒப்பிட்டு இடத்தைக் கணக்கிடும். பேஸிலிருந்து தள்ளிப் போகப் போக, கிலோமீட்டருக்குச் சுமார் 1 மி.மீ. பிழை கூடும்.

கோடு தவறினால் பலரும் செயற்கைக்கோளைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பழுது இருப்பது ரேடியோ வழியில். இரண்டையும் பிரித்துக் காட்ட ஓர் எண் உண்டு: திருத்தத்தின் வயது, அதாவது கடைசித் திருத்தம் எத்தனை விநாடி பழையது என்பது. ரோவர் வெளியிடும் ஜிஜிஏ (GGA, இட விவர) வரியில் நிலைக் குறியீடும் இந்த வயதும் இருக்கும். நிலை 4 என்றால் ஃபிக்ஸ் (செ.மீ. துல்லியம் உறுதியானது), 5 என்றால் ஃப்ளோட் (இன்னும் உறுதியாகவில்லை), 2 என்றால் சாதாரண திருத்தம், 1 என்றால் திருத்தமே இல்லை. வயது 1, 2 விநாடியில் நின்றும் நிலை 5 ஆகவே இருந்தால் கோளாறு வானத்தில், அல்லது ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் சிக்னல் வாங்கும்) ஆன்டெனாவில். வயது 5, 10, 20 என்று ஏறிக்கொண்டே போனால் கோளாறு ரேடியோவில். இந்த எண்ணைத் திரையில் எப்போதும் தெரியும்படி வையுங்கள்.

பேஸ் நிற்கும் இடம்

சுற்றிலும் மரமோ தகரக் கூரையோ மறைக்காத இடமாகப் பார்த்து, ஆன்டெனாவைக் காற்றில் ஆடாத குழாயில் பொருத்துங்கள். பேஸ் தன் இடத்தைத் தானே சராசரி எடுத்துக் கண்டுபிடிக்கும் வசதியை முதல் நாளோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் அது ஒரு மீட்டர் தள்ளி வேறோர் இடத்தைச் சொல்லும். நேற்று போட்ட ஏ-பி கோடும் (டிராக்டர் பின்பற்ற இரு புள்ளிகளால் குறித்த கோடு) அதோடு சேர்ந்து நகர்ந்துவிடும்.

சரியான வழி இது: 24 மணி நேரம் மூல அளவீடுகளைப் பதிவு செய்து, ரைனெக்ஸ் (RINEX, அளவீடுகளுக்கான பொது வடிவம்) கோப்பாக மாற்றி, இடத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தரும் கனடா அரசின் இலவச சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி (CSRS-PPP) சேவைக்கு அனுப்புங்கள். அது தரும் ஆயங்களை (அட்சம், தீர்க்கம், உயரம்) பேஸில் நிலையான இடமாக எழுதிவிடுங்கள். உயரத்துக்கு நீள்வட்டக் கோள உயரத்தையே (பூமியின் கணித வடிவப் பரப்பிலிருந்து அளந்தது) போட வேண்டும், கடல் மட்ட உயரத்தை அல்ல. தமிழ்நாட்டில் இவ்விரண்டுக்கும் இடையே 90 மீட்டரை ஒட்டிய வித்தியாசம் இருப்பதால் மாற்றிப் போட்டால் கணக்கு கெடும். உங்கள் வயலுக்குள் மட்டும் வேலை என்றால் ஆயங்கள் உலக அளவில் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே எண்ணாக நிலைத்திருப்பதுதான் முக்கியம்.

எவ்வளவு தரவு, எவ்வளவு ரேடியோ

இசட்இடி-எஃப்9பி (ZED-F9P) போன்ற ரிசீவரில் இந்த ஆர்டிசிஎம் (RTCM, திருத்தம் அனுப்பும் பொது வடிவம்) செய்திகளை இயக்குங்கள்: 1005 (பேஸின் இடம்), 1074 (ஜிபிஎஸ்), 1084 (குளோனாஸ்), 1094 (கலிலியோ), 1124 (பெய்டூ), குளோனாஸுக்குத் துணையாக 1230. நான்கு அமைப்புகளும் சேர்ந்தால் விநாடிக்குச் சுமார் 600 பைட், அதாவது 5 கிலோபிட்டை ஒட்டி வரும். பிழைத்திருத்தச் சுமையும் சேர்ந்தால் காற்றில் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓடும் ரேடியோ திணறும். எல்லையை நீட்டுவதற்காக 2.4 கிலோபிட் லோரா (வேகத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டும் ரேடியோ முறை) அமைப்பைத் தேர்ந்தால் ஒரு விநாடிச் செய்தி போய்ச்சேர இரண்டு விநாடி ஆகும். வரிசை தேங்கும், வயது ஏறும். ஆர்டிசிஎம் செய்தியின் முடிவில் 24 பிட் சரிபார்ப்பு எண் இருக்கிறது. நடுவில் ஒரு துண்டு விழுந்தாலும் ரோவர் அந்தச் செய்தி முழுவதையும் தள்ளிவிடும்.

எனவே முதலில் தரவைக் குறையுங்கள். 1005 பத்து விநாடிக்கு ஒரு முறை போதும். அதே தரவை இன்னும் நுணுக்கமாகத் தரும் 1077, 1087 வகைச் செய்திகள் ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும், வேண்டாம். இன்னும் இடம் போதவில்லை என்றால் 1084, 1230 இரண்டையும் சேர்த்தே நிறுத்துங்கள். ஆனால் 1005-ஐ மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது வராவிட்டால் மற்றவை எல்லாம் ஒழுங்காக வந்தும் ரோவர் ஃபிக்ஸ் ஆகாது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

அலைவரிசை விஷயத்தில் கண்டிப்பு தேவை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் இவ்வேலைக்கு ஏற்றது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை: 1 வாட் வரை, 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அமெரிக்காவின் 902–928 பட்டைக்காகச் செய்தது. இங்கே அது மொபைல் சேவையின் பட்டையில் விழும். வாங்கும் முன் 865–868-க்குள் அமைக்க முடியுமா என்று பாருங்கள். எஸ்ஐகே (SiK, ட்ரோன்களில் பரவலான) வகை ரேடியோ என்றால் மேவ்லிங்க் (ட்ரோன் செய்தி வடிவம்) அமைப்பை 0 ஆக்கி, வலை எண்ணையும் காற்று வேகத்தையும் இரு முனையிலும் ஒன்றாக வையுங்கள்.

உயரம், கேபிள்

தூரம் போதவில்லை என்றால் திறனைக் கூட்டத்தான் மனம் போகும். திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். சமதரையில் ஆன்டெனா உயரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபெல், அதாவது நாலு மடங்கு திறனுக்குச் சமம். காரணம் தரையில் பட்டுத் திரும்பும் அலை: ஆன்டெனா தாழ்வாக இருந்தால் அது நேர் அலையை அடித்துவிடும். 866 மெகாஹெர்ட்ஸில் 2 கி.மீ. பாதையின் நடுவில் நேர்கோட்டைச் சுற்றி 8 மீட்டராவது வெறுமையாக இருந்தால்தான் அலை தடையின்றிப் போகும். டிராக்டர் கூரை 3 மீட்டர் என்றால் பேஸ் ரேடியோ 13 மீட்டருக்கு மேல் ஏறட்டும். வளர்ந்த கரும்பும் தென்னந்தோப்பும் இடையில் வந்தால் இன்னும் மேலே.

ரேடியோவைக் கீழே வைத்து ஆர்ஜி-58 கேபிளை மேலே இழுக்காதீர்கள். இந்த அலைவரிசையில் மீட்டருக்கு அரை டெசிபெலுக்கு மேல் போகும். 10 மீட்டரில் முக்கால் பங்கு திறன் கேபிளிலேயே தீர்ந்துவிடும். ரேடியோவை மழை நுழையாத பெட்டியில் கம்பத்தின் உச்சியிலேயே பொருத்தி, மின்சாரத்தையும் தரவு வயரையும் மட்டும் கீழே இறக்குங்கள். கம்பத்துக்கு எர்த் அவசியம். ஆன்டெனா மாட்டாமல் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்தால் கடைசிப் பெருக்கி எரிந்துபோகலாம்.

டிராக்டரில்

ரேடியோ ஆன்டெனா பேஸில் இருப்பது போலவே நேராக நிற்க வேண்டும். புகைக்குழாய் மறைக்காத பக்கம் பார்த்து, ஜிஎன்எஸ்எஸ் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் சரிவதால் ரேடியோ அணைந்து எழும், அதற்குத் தாங்கும் 12 வோல்ட் கன்வெர்ட்டர் தேவை. விளக்கு போட்டதும் வயது ஏறினால் அந்த எல்இடி விளக்கைக் கழற்றிப் பாருங்கள். மலிவான விளக்குகள் ரேடியோ இரைச்சல் உமிழும்.

மாலை இருட்டிய பிறகு வயது 1-இல் நின்றும் ஃபிக்ஸ் விட்டுவிட்டுப் போகிறதா? ரேடியோவைத் தொடாதீர்கள். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் சூரிய மறைவுக்குப் பின் அயனி மண்டலம் கலங்கும். மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும், சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், இது கடுமையாக இருக்கும். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் தணியும். துல்லியம் வேண்டிய நடவை அந்த நாட்களில் பகலில் முடித்துக்கொள்ளுங்கள்.