பொருள் பாதுகாப்பு அபராதம்: நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் விதித்த பெரிய அபராதங்களைப் புரட்டிப் பார்த்தால், பழுதான பொருளைத் தயாரித்ததைவிட, பழுது தெரிந்தும் ஆணையத்திடம் சொல்லாமல் இருந்ததற்கே நிறுவனங்கள் அதிகம் பணம் கட்டியிருப்பது புலப்படும்.

இதற்கு வேர், உறுதியான ஆதாரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கும் பழக்கம். 1972ஆம் ஆண்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒரு பொருளில் கணிசமான ஆபத்தை விளைவிக்கும் குறைபாடு இருக்கலாம் என்று நியாயமாகக் கருத இடம்தரும் தகவல் கைக்கு வந்தாலே, 24 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். தயாரிப்பாளர் மட்டுமன்றி இறக்குமதியாளர், விநியோகஸ்தர், சில்லறை விற்பனையாளர் ஆகியோருக்கும் இக்கடமை உண்டு. ஐயம் இருந்தால் விசாரிக்கப் பொதுவாக 10 வேலை நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது முழுதாகக் காத்திருக்கத் தரப்பட்ட அவகாசம் ஆகாது. மூன்றாம் நாளே விவரம் தெளிவாகிவிட்டால் 24 மணி நேரக் கணக்கு அப்போதே தொடங்கிவிடும். அறிக்கை தருவது குறைபாட்டை ஒப்புக்கொள்வதாகாது என்று விதிகளே சொல்லும்போது, அந்த அச்சத்தால் வாய்மூடி இருப்பதில் பொருளில்லை.

'மேலிடத்துக்குத் தெரியாது' என்ற வாதமும் எடுபடாது. உரிய கவனத்துடன் நடந்திருந்தால் எது தெரியவந்திருக்குமோ, அதுவும் தெரிந்ததாகவே கொள்ளப்படும். வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வரும் புகார்களும், உத்தரவாதத்தின் பேரில் திரும்பிவரும் பாகங்களும், பொறியாளர்களின் குறிப்புகளும் ஒரே மேசைக்கு வந்து சேராத நிறுவனம் தன் அறியாமையைத் தானே வளர்த்துக்கொள்கிறது. சத்தமின்றி வடிவமைப்பை மட்டும் மாற்றிவிட்டு, முன்பே விற்றவற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பதே இவற்றில் மிக மோசமானது என்பேன். அந்த மாற்றமே பிறகு நிறுவனத்துக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அபராதத்தின் உச்சவரம்பைத் தவறாகக் கணக்கிடுவோரும் உண்டு. 2008க்கு முன் ஒரு மீறலுக்கு 8,000 டாலர், தொடர்புடைய மீறல்களின் தொகுப்புக்கு 18.25 லட்சம் டாலர் என்றிருந்த வரம்பு, 2022இல் 1,20,000 டாலராகவும் 1 கோடியே 71.5 லட்சம் டாலராகவும் ஆனது. இது ஒரு தொகுப்புக்கான வரம்பே தவிர, நிறுவனத்துக்கான வரம்பன்று. 2023 ஜனவரியில் உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் பெலோட்டான் நிறுவனம் 1 கோடியே 90.65 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. அதில் 1 கோடியே 60.25 லட்சம், ஓடுபொறியின் (டிரெட்மில்) பின்புறம் ஆட்களும் பொருட்களும் இழுக்கப்படுவதை உடனே தெரிவிக்காததற்காக, எஞ்சிய 30.4 லட்சம், திரும்பப் பெறுவதாக அறிவித்த பின்னும் 38 இயந்திரங்களை விநியோகித்ததற்காக. கிடங்கிலும் வண்டியிலும் இருந்த சரக்கை அன்றே முடக்கியிருந்தால் இந்த இரண்டாவது தொகை மிச்சமாகியிருக்கும்.

அபராதம் கட்டியதோடு விவகாரம் முடிந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. தீப்பிடிக்கும் ஈரப்பதநீக்கிகளைப் பற்றித் தெரிவிக்காத, சீனாவின் வீட்டுச் சாதனத் தயாரிப்பாளரான கிரீ நிறுவனம் 2016இல் 1 கோடியே 54.5 லட்சம் டாலர் உரிமையியல் அபராதத்துக்கு உடன்பட்டது. 2021இல் அதே விவகாரம் குற்றவியல் வழக்காகி, மொத்தத் தொகை 9 கோடியே 10 லட்சம் டாலரை எட்டியது. 2023இல் அதன் அமெரிக்க விற்பனைப் பிரிவின் நிர்வாகிகள் இருவரை நடுவர் குழு குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது.