சாந்தியாகோ பாதையில் தனியாக நடக்கிறவர்களுக்கு

ஸ்பெயினில் இருக்கும் சாந்தியாகோ நகரத்துப் பேராலயத்தை நோக்கி வாரக்கணக்கில் நடந்து போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதைக்குக் கமினோ என்று பேர். அந்தக் கமினோ போகிறேன், அதுவும் தனியாக என்று சொன்னால் எல்லாரும் கேட்பது, "நடக்கும்போது தனியா இருக்கிற மாதிரி இருக்காதா?" என்றுதான். நடக்கும்போது பெரும்பாலும் இருக்காது. இருட்டோடு கிளம்பி, வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறியைத் தேடி, அடுத்த காபி எங்கே, குதிகாலில் எரிகிறதே கொப்புளமா என்று பார்த்துக்கொண்டே போகிறவருக்கு மனசு காலியாக இருப்பதில்லை. தனிமை வருவது மதியம் இரண்டு மணிக்கு மேல். அல்பெர்கேயில், அதாவது யாத்திரிகர் விடுதியில், படுக்கை பிடித்தாயிற்று, குளித்தாயிற்று, துணியை அலசிக் கொடியில் போட்டாயிற்று. சின்ன ஊர் என்றால் கடைகள் ஐந்து மணிவரை சாத்தியிருக்கும், தெருவில் ஈ காக்காய் இருக்காது. சாப்பாடு ஏழு மணிக்கு மேல்தான். அந்த ஐந்து மணி நேரத்துக்கு என்ன வழி என்று காலையிலேயே யோசித்து வையுங்கள். நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

கமினோவுக்குப் பல வழிகள் உண்டு; நான் சொல்வது பிரெஞ்சு வழி என்பதைப் பற்றி. பிரான்ஸ் எல்லைக்குள் இருக்கும் சேன் ஜான் பியே த போரிலிருந்து சாந்தியாகோ வரை சுமார் 780 கி.மீ. நிதானமாக நடந்தால் ஐந்து வாரம் ஆகும். மே, செப்டம்பரில் போனால் ஆள் கிடைப்பார்கள், படுக்கைக்குத்தான் அலைய வேண்டும். குளிர்காலத்தில் பாதி அல்பெர்கேக்கள் மூடிவிடும். தனியாக நடந்து பழக்கமில்லாதவர்கள் அப்போது போகாதீர்கள்.

மதியம் மனசு கனத்தால் முதலில் ஏதாவது சாப்பிடுங்கள். முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட தோர்தியா எந்த பாரிலும் கிடைக்கும். ஒரு துண்டு சாப்பிட்டு, அரைமணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்து எழுந்த பிறகும் அழுகை வந்தால் அது தனிமை. அதற்கு முன்னால் வருவது பசி, களைப்பு.

அடுத்தது எங்கே தங்குகிறோம் என்பது. தனி அறை எடுத்தால் நன்றாகத் தூங்கலாம், ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் சுவரைத்தான் பார்க்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறையாவது எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் இடமாகத் தேடிப் போங்கள். வழியில் வரும் கிரான்யோன் என்ற ஊரில் தேவாலயத்தை ஒட்டியே இடம். கட்டில் கிடையாது, தரையில் மெத்தை, கட்டணம் என்று எதுவும் கேட்பதில்லை, உண்டியலில் முடிந்ததைப் போடலாம். சாப்பாடு நீண்ட மேசையில் எல்லாரோடும். கர்ரியோன் தெ லோஸ் கோந்தெஸ் என்ற ஊரில் கன்னியாஸ்திரிகள் கித்தாரோடு உட்கார்ந்து, வந்தவர்களையும் பாட வைப்பார்கள். நான் கிறிஸ்தவள் இல்லை; ஒரு இடத்திலும் அதை யாரும் கேட்கவில்லை. பாட்டு தெரியாதென்றால் கை தட்டினால் போதும்.

இப்படிப்பட்ட இடங்களில் சும்மா உட்காராதீர்கள். "உதவட்டுமா?" என்று ஒஸ்பித்தலேரோவிடம் (விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர்) கேட்டால் உடனே கையில் கத்தியும் வெங்காயமும் வந்துவிடும். பாஷை தெரியாதவருக்கு இதைவிட நல்ல நுழைவு இல்லை. நான் ஊரிலிருந்து ரசப்பொடி ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துப் போயிருந்தேன். மழையில் நனைந்து எல்லாரும் இருமிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் தக்காளியும் பூண்டும் வாங்கி, பெரிய பாத்திரத்தில் ரசம் வைத்தேன். புளி கிடையாது, எலுமிச்சை பிழிந்தேன். கொரியாக்காரர் ஒருவர் முதல் வாய் குடித்துவிட்டுப் பேசாமல் கோப்பையை மறுபடி நீட்டினார். மறுநாளிலிருந்து வழியில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் "சூப்!" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பையில் நூறு கிராம் கூட, ஆனால் சுமக்கலாம். (சாந்தியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தின் அரசு அல்பெர்கேக்களில் அடுப்பு இருக்கும், பல இடத்தில் ஒரு பாத்திரம்கூட இருக்காது. ஏன் என்று கேட்டுப் பயனில்லை.)

வீட்டுக்குப் போன் பேசுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கோடையில் ஸ்பெயின் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி எட்டு மணிக்கு ஏக்கம் வந்து கூப்பிட்டால் இங்கே பதினொன்றரை, தூக்கக் கலக்கத்தில் அம்மா "என்னடி, என்ன ஆச்சு?" என்று பதறுவாள், நீங்களும் சேர்ந்து அழுவீர்கள். மதியம் இரண்டுக்குக் கூப்பிடுங்கள், இங்கே ஐந்தரை, காபி நேரம். தினமும் வேண்டாம். வந்து சேர்ந்ததற்கு ஒரு செய்தி தினமும், பேச்சு இரண்டு நாளைக்கு ஒருமுறை. தினமும் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் பேசுவதே இல்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி கூட வருகிறவர்கள். ஒரே நாளில் கிளம்பியவர்கள் ஏறக்குறைய ஒரே ஊர்களில் தங்குவதால் முதல் வாரத்திலேயே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். நல்லதுதான். ஆனால் அவர்கள் வேகத்துக்கு நடக்காதீர்கள். முழங்கால் போனால் இரண்டு நாள் படுக்க வேண்டிவரும், கூட்டம் ஐம்பது கி.மீ. தள்ளிப் போயிருக்கும். காலையில் தனியாக நடந்துவிட்டு, "சாயங்காலம் இந்த ஊரில் பார்க்கலாம்" என்று சொல்லிப் பிரிவது யாருக்கும் தப்பாகப் படாது; அங்கே அதுதான் வழக்கம். ஓய்வு எடுத்தே ஆக வேண்டுமென்றால் பூர்கோஸ், லியோன் மாதிரிப் பெரிய ஊரில் எடுங்கள். பழைய முகங்கள் போனாலும் பின்னால் வருகிற கூட்டம் அங்கே வந்து சேரும். அந்த முதல் சாயங்காலம் கஷ்டமாகத்தான் இருக்கும். புதியவர்களிடம் ஊர், பேர், எங்கே கிளம்பினாய் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க அலுப்பாக இருக்கும். ஆரம்பியுங்கள்.

நடக்கும்போதே தனிமை வருகிற இடம் ஒன்று உண்டு: பூர்கோஸுக்கும் லியோனுக்கும் நடுவில் இருக்கும் மெசெட்டா. கோதுமை வயலும் வானமும், மரம் அபூர்வம். கர்ரியோனைத் தாண்டியதும் 17 கி.மீ.க்கு ஒரு ஊர் கிடையாது. நேர்கோடாக ஒரு பாதை. பலர் இந்தப் பகுதியைப் பஸ்ஸில் தாண்டுகிறார்கள். நான் தாண்ட மாட்டேன், ஆனால் விடிவதற்கு முன் கிளம்பி வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுவேன். அங்கே வாய்விட்டுப் பாடலாம். தெரிந்த பாட்டு தீர்ந்ததும் பதினாறாம் வாய்ப்பாடு, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். பின்னால் வந்த ஜெர்மன்காரர் புன்னகையோடு "புவென் கமினோ" (நல்லபடி நடங்கள் என்று வழியில் எல்லாரும் சொல்லும் வாழ்த்து) சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்.

வழியின் கடைசிப் பகுதியில் வரும் சாரியா என்ற ஊருக்கு அப்புறம் நேர்மாறு. யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் வாங்கக் கடைசி 100 கி.மீ. நடந்தால் போதும் என்பதால் அங்கிருந்துதான் கூட்டம் கூட்டமாகச் சேருவார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. அத்தனை பேர் நடுவில் நாம் மட்டும் அழுக்காக, கறுத்துப்போய், யாரோடும் ஒட்டாமல் நிற்போம். எரிச்சல் வரும். அந்த நாட்களில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புங்கள், பாதை கொஞ்சம் காலியாகும்.

நாலைந்து நாள் தூக்கமில்லை, எதற்கும் எழத் தோன்றவில்லை என்றால் ஒஸ்பித்தலேரோவிடம் சொல்லுங்கள். பலர் தாங்களே இந்த வழியை நடந்தவர்கள். பஸ் பிடித்துப் பெரிய ஊருக்குப் போய் இரண்டு நாள் இருக்கலாம், வீட்டுக்கும் திரும்பலாம். பாதை எங்கும் போகாது. அவசரத்துக்கு எண் 112.

சாந்தியாகோவில் நுழையும் நாளுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். தனியாக வந்து பேராலயத்தின் முன் நிற்கும்போது கட்டிப்பிடிக்க ஆள் இல்லாதது சுருக்கென்று தைக்கும். அங்கே இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். மறுநாள் காலையில் பேராலயத்துக்கு முன்னால் இருக்கும் ஒப்ரதோயிரோ சதுக்கத்தில் கல்தரையில் போய் உட்காருங்கள். வாரக்கணக்காக வழியில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம்தான் வரும், என்னை அங்கே கண்டுபிடித்ததும் அந்தக் கொரியாக்காரர்தான். தனி அறை எடுப்பதாக இருந்தால் இரண்டாவது ராத்திரிக்கு எடுங்கள்.