கொழும்புச் சேர்வருக்குள் கல்லடியிலிருந்து நுழைவது எப்படி?

போன மாதம் கல்லடி வீட்டிலிருந்தே கொழும்பு அலுவலகத்து லினக்ஸ் சேர்வரைப் பார்க்க வேண்டிய நிலை எனக்கு வந்தது. டெர்மினல் சொஃப்ட்வெயார் (தட்டும் கட்டளையைச் சேர்வருக்கு அனுப்பும் ஜன்னல்) என்று தேடி, முதலில் வந்த ஒரு தளத்தில் பச்சைப் பட்டனை அழுத்தினேன். என்னவெல்லாமோ இறங்கி, லப்டொப்பைச் சுத்தம் செய்யவே ஒரு பின்னேரம் போய்விட்டது. பிறகு பார்த்தால் தேடிய சாமான் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

சேர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தட்டிக் கறுப்பு ஜன்னலைத் திறவுங்கள். அதில், தூரத்துச் சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்ற மூன்று எழுத்தையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து என்டர் கொடுங்கள். சில வரி விளக்கம் வந்தால் சரி, எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 10இன் 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து இது கூடவே வருகிறது. மேக்கிலும் லினக்ஸிலும் ஏற்கனவே உண்டு.

படி 2: அதே மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பயனர் பெயர், அட் குறி, சேர்வர் முகவரி. நடுவில் வேறு இடைவெளி வேண்டாம். முதல் தடவை சேர்வரின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எழுத்துக் கோவையைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். சேர்வரைப் பார்ப்பவருக்குப் போன் போட்டு ஒப்பிட்டுவிட்டு யெஸ் என்று முழுதாக அடியுங்கள். வை மட்டும் அடித்தால் ஏற்காது.

படி 3: கடவுச்சொல். தட்டும்போது நட்சத்திரக் குறிகூட வராது. கீபோர்ட் பழுதில்லை. தட்டி முடித்து என்டர் கொடுங்கள்.

இனி என்னை அழவைத்த இடம். உள்ளே போய் ஒரு ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேர்டில் பழகிய கை தானாகக் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்திவிட்டது. திரை உறைந்தது. எதைத் தட்டினாலும் அசைவில்லை. டொங்கிளைத்தான் திட்டினேன், மூன்று தடவை ஜன்னலை மூடித் திறந்தேன், திருத்தியதெல்லாம் போயிற்று. உண்மையில் டெர்மினலில் கன்ட்ரோல் எஸ் சேமிப்பதற்கு அல்ல, "கொஞ்சம் நிறுத்து" என்று சொல்வதற்கு. திரைக்கு எழுத்து வரும் வேகத்தைத் தாங்க முடியாத பழைய இயந்திரங்களின் காலத்து வழக்கம் அது. கன்ட்ரோல் கியூ அழுத்துங்கள், விட்ட இடத்திலிருந்து ஓடும். உறைந்திருந்தபோது தட்டியதெல்லாம் ஒரேயடியாக வந்து விழும், அதனால் கோபத்தில் கண்டதையும் தட்டாதீர்கள்.

பழைய விண்டோஸ் என்றாலோ, நெட்வேர்க் சுவிட்ச், ரவுட்டரைக் கொன்சோல் வயரில் நேரடியாகப் பிடிக்க வேண்டும் என்றாலோ பட்டி என்ற டெர்மினல் சொஃப்ட்வெயார்தான் என் தெரிவு. சுவருக்குப் பூசும் பட்டியின் அதே உச்சரிப்பு. சைமன் டேதம் எழுதியது, இலவசம், சின்னது. அவருடைய சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 0.81இற்கு முந்திய பதிப்பு கிடந்தால் மாற்றிவிடுங்கள். 0.68 முதல் 0.80 வரையானவற்றில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழையப் பயன்படும் ஒருவகை டிஜிட்டல் சாவியின் இரகசியம் வெளியே போகக்கூடிய ஓட்டை இருந்தது. இதில் எழுத்தைத் தெரிவு செய்தாலே கொப்பி ஆகிவிடும், வலது கிளிக் செய்தால் பேஸ்ட். பல வசதிகளை ஒன்றாகச் சேர்த்த மொபாஎக்ஸ்டேர்ம் என்ற சொஃப்ட்வெயாரும் நல்லதுதான், ஆனால் ஒரு சேர்வர் பார்ப்பவருக்கு அது கல்யாண வீட்டுக் கிடாரத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி வைப்பது போல. டெல்நெட் என்ற பழைய வழி மட்டும் வேண்டாம், கடவுச்சொல் மறைப்பில்லாமல் அப்படியே வயரில் போகும்.

பின்சேர்க்கை: கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தொடர்பு அறுந்துவிடுகிறது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பட்டியில் கனெக்ஷன் பகுதியில் கீப்அலைவ் என்ற பெட்டியில் 0 இருக்கும், அதை 60 ஆக்குங்கள். நிமிடத்துக்கொரு தடவை "இருக்கிறேன்" என்று சேர்வருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சேர்க்கை: அதே தம்பி மறுபடியும். "கரண்ட் போய் ரவுட்டரே அணைந்தால்?" அதற்குக் கீப்அலைவ் உதவாது. உள்ளே நுழைந்ததும், தொடர்பு அறுந்தாலும் சேர்வரில் வேலையைத் தாங்கிப் பிடிக்கும் டீமக்ஸை (டீ, எம், யூ, எக்ஸ் என்ற நாலு ஆங்கிலச் சிறிய எழுத்து) தொடங்கி, அதற்குள் வேலை செய்யுங்கள். இங்கே கரண்ட் போனாலும் அங்கே வேலை ஓடும். வந்தபின் மறுபடி நுழைந்து, டீமக்ஸ் என்று அடித்து, இடைவெளி விட்டு அட்டாச் என்று அடித்தால் விட்ட திரை அப்படியே இருக்கும்.