குரூஸர் வாங்குமுன் பின்னிருக்கையில் உட்காருங்கள்

என் முதல் குரூஸர் பைக்கைக் கண்ணை நம்பி வாங்கினேன். தாழ்ந்த இருக்கை, நீண்ட முன்பகுதி, பளபளக்கும் சைலன்சர். முதல் நெடும்பயணத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பின்னால் இருந்த மனைவி தோளைத் தட்டி, "வண்டியை நிறுத்துங்கள், நான் கொஞ்ச தூரம் நடந்து வருகிறேன்" என்றார். அந்த வண்டியின் பின்னிருக்கை, மட்கார்டின் மேல் ஒட்டிவைத்த சிறு தலையணைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் இந்த விளக்கத்தில் முதல் மரியாதை பின்னால் உட்காருபவருக்கே.

படி 1: எடைக் கணக்கு

வண்டியின் கையேட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, எரிபொருளும் எண்ணெயும் சேர்ந்த வண்டியின் எடை. மற்றொன்று, ஆளும் சுமையும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. மொத்தம் 370 கிலோ, வண்டி 195 கிலோ என்றால் மீதி 175. ஓட்டுபவர் 78, பின்னால் இருப்பவர் 62, ஹெல்மெட், ஜாக்கெட், காலணி எல்லாம் 12, பைகள் 15. ஆக 167. கைவசம் எட்டே கிலோ! பின்னால் இருப்பவர் முதுகு சாய கனமான சாய்மானமும், பெட்டி வைக்கும் சட்டமும் மாட்டினால் அதுவும் போய்விடும். விளம்பரத்தில் எரிபொருள் இல்லாத எடையைப் போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

படி 2: நிறுத்திய வண்டியில் 20 நிமிடம்

கடையில் இருவரும் ஏறி உட்காருங்கள். பயணத்தில் போடும் காலணியோடு, 20 நிமிடம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பின்னால் இருப்பவரின் முழங்கால் இடுப்பை விட உயர்ந்து நின்றால், பாதம் எடையைத் தாங்காது. முழுப் பாரமும் வால் எலும்பில் இறங்கும். இருக்கை பின்பக்கம் சரிந்திருந்தால் வேகமெடுக்கும்போதெல்லாம் அவர் வழுக்குவார். முன்பக்கம் சரிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் முதுகில் வந்து மோதுவார். கெண்டைக்கால் சைலன்சருக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று குனிந்து பாருங்கள்.

உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கால் வைக்கும் புட்ரெஸ்ட் மிகவும் முன்னால் இருக்கும் வண்டியில், பள்ளம் வரும்போது நீங்கள் இருக்கையிலிருந்து எழ முடியாது. நடுவில் இருந்தால் எழலாம்.

படி 3: பின்பக்க ஸ்பிரிங்

புதியவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. குரூஸரில் பின்னிருக்கை ஏறத்தாழ பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதால், அங்கே உட்காருபவரின் எடையில் பெரும்பகுதி பின் ஷாக் அப்சார்பர் தலையில்தான் விழும்.

அளவு நாடாவும், துணைக்கு இரண்டு பேரும் வேண்டும். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்படி வண்டியை உயர்த்தி, அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒட்டிய ஒரு துண்டு டேப் வரை அளந்து கொள்ளுங்கள். 540 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு வண்டியை இறக்கி, ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, முழு உடையில் இருவரும் ஏறுங்கள். இன்னொருவர் அளக்கட்டும். 500 வந்தால் 40 மி.மீ. இறங்கியிருக்கிறது. கையேட்டில் பின்சக்கரத்தின் மேலும் கீழுமான மொத்த அசைவு 100 மி.மீ. என்று இருந்தால், மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 வாக்கில் இறங்குவதுதான் நல்லது. சி வடிவ ஸ்பேனரால் ப்ரீலோடு வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் வளையம்) ஒரு படி ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். இரட்டை ஷாக் என்றால் இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

ப்ரீலோடு வண்டியைத் தூக்கி நிறுத்துமே தவிர ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. கடைசிப் படியிலும் ஷாக் முழுதாக அமுங்கி அடி தட்டினால், உங்கள் எடைக்கேற்ற வலுவான ஸ்பிரிங் வாங்குவதே வழி. அழகுக்காகக் குட்டையான ஷாக் மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ஏற்கெனவே குறைவாக உள்ள அசைவைக் காசு கொடுத்துக் குறைப்பானேன்?

பின்பக்கம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு மேலே ஏறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும். அதையும் சரிசெய்யுங்கள்.

படி 4: காற்று

இருவர் செல்வதற்கான டயர் காற்றழுத்தம் கையேட்டில் தனியாகத் தரப்பட்டிருக்கும். டயர் சூடாகும் முன்பே பாருங்கள்.

படி 5: இருக்கையும் சாய்மானமும்

செலவு செய்ய ஒரே ஒரு பொருள்தான் முடியும் என்றால், அகலமான பின்னிருக்கையைத் தேர்ந்தெடுப்பேன். விரல் வைத்தவுடன் அமுங்கும் மெத்தை கடையில் சுகமாக இருக்கும். சற்று நேரத்தில் தட்டையாகிவிடும். கொஞ்சம் கெட்டியாக இருப்பதே நல்லது. அடுத்தது சாய்மானம். அது வண்டியின் சட்டத்தோடு போல்ட்டில் இணைய வேண்டும். மட்கார்டு தகட்டில் மட்டும் நிற்பது ஆபத்து. பைகளை அதன் பின்னால் உயரத்தில் கட்டினால் முன்சக்கரம் இலேசாகி ஹேண்டில் ஆடும். பக்கவாட்டில், தாழ்வாகக் கட்டுங்கள்.

படி 6: முதல் ஓட்டம்

உங்கள் இரு கால்களும் தரையில், முன் பிரேக் கையில். நீங்கள் தலையசைத்த பிறகே பின்னால் உட்காருபவர் ஏற வேண்டும். வளைவில், வளையும் பக்கத்தில் உள்ள உங்கள் தோளுக்கு மேல் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். உடல் தானாகவே உங்களோடு சாயும். ஹெல்மெட்டுகள் முட்டிக்கொண்டே இருந்தால் உங்கள் கிளட்ச்சும் பிரேக்கும் முரடாக இருக்கின்றன என்று பொருள், குறை அவருடையதன்று. முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சாய்மானத்தின் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.