தோலுக்குச் சாயம் ஏற்றும்போது திட்டு விழாமல் இருக்க

கையால் தைத்த பர்ஸிலோ பெல்ட்டிலோ சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறதா? நீரில் கரையும் சாயம் என்றால், பூசுவதற்கு முன் ஈரப் பஞ்சால் தோல் முழுவதையும் சீராகத் துடைத்துவிடுங்கள். ஒரே பூச்சில் கருமையைத் தேடாமல், நீர்த்த சாயத்தை வட்டவட்டமாக மூன்று நான்கு முறை பூசுவதே என் வழக்கம். நிறம் கலந்த எண்ணெய்க்கு ஈரம் ஆகாது. காய்ந்த தோலில் சொட்டுச் சொட்டாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். எண்ணெய் தோலைக் கருக்கவைக்கும், திரும்ப வெளுப்பது கடினம். அதனால் முதலில் அதே தோலின் வெட்டுத்துண்டில் சோதியுங்கள் (ஒரு பையைப் பாழாக்கிய பிறகுதான் எனக்கு இந்த ஞானம் வந்தது). மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் சாயத்தை நன்றாகக் குடிக்கும். பளபளப்பு மேற்பூச்சு உள்ள தோலில் நிறம் இறங்காது. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவையுங்கள்.